காணிப்பாக்கத்துச் சத்தியமும் கட்டடத்துக் கம்பியும்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் நான்கு குடும்பங்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், பிள்ளைகளின் படிப்புக்கு அடுத்தபடியாக வருகிற பேச்சு ஊரில் கட்டுகிற வீட்டைப் பற்றித்தான். "எங்களுக்கு ரூஃப் போட்டாச்சு", "எங்க மேஸ்திரி இன்னும் இரண்டு லட்சம் கேட்கிறார்", "டைல்ஸ் நாங்க நேரில் போய்த்தான் எடுக்கணும்" என்று பேச்சு நீளும். அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம், தளத்தில் கம்பி எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். இத்தனைக்கும் நான் கட்டடப் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கியவன். படித்ததை மூட்டை கட்டி வைத்துவிட்டு, 1990-களில் பலரும் செய்ததைப் போலக் கணிப்பொறி கற்றுக்கொண்டு அமெரிக்கா வந்து சேர்ந்தவன். அந்த மூட்டையை மறுபடி அவிழ்க்க வைத்த கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

என் ஊர் காணிப்பாக்கத்துக்குப் பக்கம். சித்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். தமிழ்நாட்டு நண்பர்கள், "ஆந்திராக்காரர் எப்படித் தமிழ்ச் சங்கத்தில்?" என்று வேடிக்கையாகக் கேட்பதுண்டு. சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவானபோது வட ஆர்க்காட்டுப் பகுதிகளும் அதில் சேர்ந்தன. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது எங்கள் பக்கம் ஆந்திராவோடு போயிற்று. 1960-இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. நாங்கள் அங்கேயே இருந்துவிட்டோம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு.

காணிப்பாக்கத்து வரசித்தி விநாயகர் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கண் தெரியாத ஒருவர், காது கேளாத ஒருவர், வாய் பேசாத ஒருவர் என மூன்று சகோதரர்கள் கிணறு வெட்டினார்கள். கடப்பாரை பட்ட கல்லிலிருந்து இரத்தம் பெருகியது. அங்கே விநாயகர் வெளிப்பட்டார். மக்கள் உடைத்த தேங்காய்களின் நீர் காணி நிலத்தில் பாய்ந்தது என்பது தலபுராணம். அதனால்தான் ஊருக்கு அந்தப் பெயர் என்பார்கள். இன்றும் சுவாமி கிணற்று நீருக்கு நடுவிலேதான் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. கொடுக்கல் வாங்கலில் தகராறு என்றால், "காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணு" என்பார்கள். குளத்தில் முழுகிவிட்டு அந்தச் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிவு வராது.

1998 ஆவணி

அப்பா ஓய்வு பெற்ற பிறகு பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்து மனையில் புது வீடு கட்டத் தொடங்கினோம். நான் இங்கிருந்து பணம் அனுப்பினேன். அப்போதெல்லாம் தொலைபேசியில் நிமிடத்துக்குக் கணக்குப் பார்த்துப் பேச வேண்டும். "எந்த மட்டத்தில் இருக்கு?", "எப்போ முடியும்?" இந்த இரண்டு கேள்விகளுக்கு மேல் நான் கேட்டதில்லை. எனக்குக் கிடைத்தது மூன்று வார விடுமுறை. அதற்குள் கிரகப்பிரவேசம் நடந்தாக வேண்டும் என்று சொன்னவன் நான்தான். மேஸ்திரி, "இன்னும் பதினைந்து நாள் கொடுங்க சார்" என்று கேட்டிருக்கிறார். நாள் குறித்தாயிற்று, டிக்கெட் வாங்கியாயிற்று என்று மறுத்துவிட்டேன்.

வீட்டு முகப்பில், மேல் தளத்தின் தொடர்ச்சியாக 4 அடி நீட்டம் ஒன்று இருந்தது. கீழே தூண் கிடையாது. கான்கிரீட் போட்ட பத்தாம் நாள், வாழை மரமும் தோரணமும் கட்ட இடைஞ்சல் என்று அதன் கீழிருந்த சென்ட்ரிங் பலகைகளையும் முட்டுகளையும் பிரித்துவிட்டார்கள். கைப்பிடிச் சுவர்ப் பூச்சுக்காக மேலே கொட்டிய மணல் அந்த நீட்டத்தின் மேலேயே குவிந்து கிடந்தது. அன்று இரவு நல்ல மழை.

விடியற்காலையில் அம்மா புது வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நேர மாற்றத்தால் தூக்கம் வராத என் ஐந்து வயது மகள் பாட்டிக்கு அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். செம்மண் கரைத்த கிண்ணத்தை மறந்துவிட்டோமென்று இருவரும் பழைய வீட்டுக்குள் போனார்கள். அவர்கள் படியேறிய சற்று நேரத்தில் அந்த நீட்டம் சுவரோடு ஒட்டி முறிந்து அப்படியே கோலத்தின் மேல் விழுந்தது. கோலமாவு டப்பா தட்டையாகிக் கிடந்ததை நான் பார்த்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

கிரகப்பிரவேசம் நின்றது. அப்பா கோபத்தின் உச்சியில் இருந்தார். கம்பியைத் திருடிவிட்டான் என்றார். மேஸ்திரியோ, "ஒரு கம்பி குறைக்கலை அய்யா, காணிப்பாக்கத்துக்கு வேணும்னாலும் வரேன்" என்று அழாத குறையாகச் சொன்னார். மறுநாள் சத்தியத்துக்குப் போவதென்று முடிவாயிற்று.

அப்போது வந்து சேர்ந்தார் அம்மாவின் அண்ணன். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். இடிபாட்டைச் சுற்றி வந்தார். முறிந்த முகத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை எண்ணினார். பிறகு அப்பாவைப் பார்த்து, "மாப்பிள்ளை, அவன் பொய் சொல்லவில்லை. கம்பி எல்லாம் இருக்கு. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். இதுக்குச் சாமி எதுக்கு? இந்த உடைஞ்ச கல்லே சாட்சி சொல்லுது" என்றார். என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, நீ இதைப் படிச்சவன்தானே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

கல் மண்டபம் சொல்லும் பாடம்

மறுநாள் நாங்கள் கோயிலுக்குப் போனது உண்மை. சத்தியம் செய்ய அல்ல, பிழைத்ததற்கு நன்றி சொல்ல. மேஸ்திரியும் வந்தார். தரிசனம் முடிந்து கல் மண்டபத்தில் உட்கார்ந்தபோது மாமா தூண்களைக் காட்டினார். நம் பழைய கோயில் மண்டபங்களில் ஏன் இத்தனை தூண்கள்? ஏன் ஒரு தூணுக்கும் அடுத்ததற்கும் சில அடிகளே இடைவெளி?

உங்கள் பிள்ளையின் பென்சில் அழிப்பானை எடுத்து இரு முனைகளையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். உள்பக்கம் நெருங்கிச் சுருங்கும். வெளிப்பக்கம் விரிந்து இழுபடும். இரு தூண்களுக்கு மேல் கிடத்திய கல் உத்தரத்திலும் இதுவே நடக்கிறது. நடுவில் பாரம் ஏறினால் மேல்பக்கம் அழுந்துகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கருங்கல் அழுத்தத்தை அபாரமாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகையால் நம் சிற்பிகள் உத்தரத்தைக் குட்டையாக வைத்து, தூண்களை நெருக்கி நட்டார்கள். பொருளின் குணமறிந்து வடிவத்தை அமைத்தார்கள்.

கான்கிரீட்டும் ஒருவகைக் கல்தான். அது இழுப்பில் தாங்குவது, அழுத்தத்தில் தாங்குவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. அந்தக் குறையை நிரப்பத்தான் உள்ளே இரும்புக் கம்பி வைக்கிறோம். ஆக, கம்பி எங்கே இருக்க வேண்டும்? எங்கே இழுப்பு இருக்கிறதோ அங்கே. நான்கு சுவர்மேல் உட்கார்ந்த தளத்தின் நடுப்பகுதியில் இழுப்பு அடியில், கம்பியும் அடியில். சுவரிலிருந்து வெளியே நீளும் பகுதியில் எல்லாம் தலைகீழ். நீட்டிய கையின் மேல் ஒரு குடத்தை வைத்தால் கை கீழே வளைகிறதல்லவா? அங்கே இழுபடுவது மேல்பக்கம். ஆகவே பால்கனி, சன்ஷேட், முகப்பு நீட்டம் எல்லாவற்றிலும் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். அது வெளியே நீளும் அளவுக்குக் குறையாமல் உள்பக்கத் தளத்துக்குள்ளும் போய்ப் பிடிமானம் பெற வேண்டும்.

எங்கள் வீட்டில் கம்பியை மேலேதான் கட்டியிருந்தார்கள். ஆனால் அதைத் தூக்கி நிறுத்தும் கம்பி முக்காலிகளை வைக்கவில்லை. கான்கிரீட் சட்டியோடு ஆட்கள் அதன்மேல் நடந்து நடந்து கம்பி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. 4 அங்குலக் கனமுள்ள தளத்தில் கம்பி இரண்டரை அங்குலம் கீழே போனால் அது இருந்தும் இல்லாததுதான். பத்து நாள் வயதுள்ள கான்கிரீட் தன் சொந்த பலத்தில் ஓர் இரவு நின்றது. ஈர மணலின் பாரமும் சேர்ந்தபோது முறிந்தது.

பாரம் போகும் வழி

கட்டட வடிவமைப்பின் முதல் விதியை மாமா இப்படிச் சொன்னார்: "பாரம் மேலேயிருந்து மண்ணுக்குப் போகணும். போற வழியில எங்கேயும் திணறக் கூடாது." தளத்தின் பாரம் உத்தரத்துக்கோ சுவருக்கோ போகிறது, அங்கிருந்து தூண், அஸ்திவாரம், கடைசியில் மண். மாடிச் சுவர் கீழ்ச் சுவரின் மேலேயோ உத்தரத்தின் மேலேயோ வர வேண்டும். வெறும் தளத்தின் நடுவில் "இங்கே ஒரு பூஜையறை" என்று தொலைபேசியில் சொல்லிச் சுவர் எழுப்பச் செய்வது, பாரத்தை வழியில்லாத இடத்தில் இறக்கிவைப்பதாகும்.

அஸ்திவாரம் கெட்டி மண்ணைத் தொட வேண்டும். எங்கள் பக்கத்தில் சரளை கலந்த செம்மண் நல்ல மண். நெல்லும் கரும்பும் விளைந்த வயலை நிரவி மனையாக்கியிருந்தால், மேலே கொட்டிய மண்ணில் அஸ்திவாரம் நிற்கக் கூடாது; இயற்கையான கெட்டி மண் வரும்வரை தோண்ட வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். அங்கே பொறியாளரின் தனி யோசனை இல்லாமல் கட்டக் கூடாது. இங்கே நாம் வாழும் மரச்சட்ட வீடு எடை குறைந்தது. ஊரில் கட்டுகிற செங்கல்லும் கான்கிரீட்டும் பல மடங்கு கனம். இங்கத்துப் படத்தைப் பார்த்து அங்கே கட்டச் சொல்கிற அன்பர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பொருளைப் பரிசோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம்

அந்த விடுமுறையின் மிச்ச நாட்களில் மாமா எனக்கு மறுபடியும் பாடம் எடுத்தார். அவை எல்லாம் ஊரில் உள்ள உங்கள் அப்பாவோ தம்பியோ அரை மணி நேரத்தில் செய்து பார்க்கக் கூடியவை.

செங்கல்: இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்ற ஒலி வர வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. சுமார் 3 அடி உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக் கூடாது. உலர்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் எடை போடுங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது. 3 கிலோ கல் என்றால் 600 கிராம்.

மணல்: நேரான கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல் போட்டு, ஒரு கரண்டி உப்புக் கலந்த நீரை ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மணலுக்கு மேல் வண்டல் தனியாகப் படியும். 10 சென்டிமீட்டர் மணலுக்கு வண்டல் 8 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். இன்று ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் வருகிறது. கல்லை மணல் அளவுக்கு உடைத்துச் சலித்துக் கழுவியது எம்-சாண்ட். கிரஷரில் மிஞ்சிய தூள் எம்-சாண்ட் ஆகாது. இன்னொன்று: லேசாக ஈரமான ஆற்று மணல் நான்கில் ஒரு பங்கு வரை அளவில் பெருத்துக் காட்டும். சட்டிக் கணக்கில் அளந்தால் மணல் குறைந்துபோகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சிமெண்ட்: மூட்டையில் அச்சிட்ட வாரமும் ஆண்டும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதைப் பரிசோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். விரலில் நசுங்காத கட்டி இருக்கக் கூடாது.

கம்பி: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் முழுக் கம்பி சுமார் 10.7 கிலோ. 8 மி.மீ. முழுக் கம்பி சுமார் 4.7 கிலோ. ஒரு தராசு போதும், கம்பி மெலிந்ததா என்று தெரிந்துவிடும்.

தண்ணீர்: பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 25 முதல் 27 லிட்டர் நீர் போதும். கலவை சுலபமாக ஓட வேண்டும் என்று குடம் குடமாக ஊற்றினால், மிஞ்சிய நீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். பலம் குறையும், மழைநீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஊரில் பழைய மாடிகளின் அடியில் காரை பெயர்ந்து சிவந்த கம்பி தெரிவது இதனால்தான். கம்பிக்கு வெளியே கான்கிரீட் போர்வை இருக்க வேண்டும்: தளத்தில் 20 மி.மீ., உத்தரத்தில் 25, தூணில் 40, அஸ்திவாரத்தில் 50. அதற்குத்தான் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகள்.

கலவை விகிதத்தைப் பொறியாளர் சொல்வார். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு எம்-20 தரமே குறைந்தபட்சம் என்கிறது 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய விதி, ஐ.எஸ். 456. சிமெண்ட் 1, மணல் ஒன்றரை, ஜல்லி 3 என்பது இதற்கான வழக்கமான கணக்கு.

விடுமுறைக்காகக் காத்திராத வேதியியல்

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. நீர் இல்லாவிட்டால் வினை நின்றுவிடும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் வறண்ட வெயில் காலத்துக்கும் 10 நாளும் அதற்கு மேலும் ஈரம் காக்க வேண்டும். தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்துவதும், தூணில் சாக்குச் சுற்றி நனைப்பதும் இதற்காகவே. 7 நாளில் கிடைப்பது 28 நாள் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

சாதாரண சிமெண்டில் போட்ட, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம். அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரை நீளமுள்ள உத்தரத்துக்கு 14. அதற்கு மேல் 21. வெளியே நீளும் பகுதிக்கு நான் 28 நாள் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே முட்டு எடுக்கும்போது நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். என் மூன்று வார விடுமுறை இந்தக் கணக்கில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்!

இங்கிருந்தபடி என்ன செய்யலாம்?

கட்டடத்தில் முக்கியமானவை எல்லாம் மூடப்பட்டுவிடுபவை. டைல்ஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மூடியதைத் திறந்து பார்க்க முடியாது. ஆகவே மூடுவதற்கு முன் பார்க்க வேண்டும். 1998-இல் எனக்கு இல்லாத வசதி இன்று உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. கீழ்க்கண்ட நேரங்களில் வேலையை நிறுத்திப் பாருங்கள். பார்த்த பிறகு அடுத்த தவணைப் பணத்தை அனுப்புங்கள்.

1. அஸ்திவாரக் குழி தோண்டி முடிந்ததும். ஆழத்தை டேப்பால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

2. தூண், உத்தரக் கம்பி கட்டியதும், பலகை அடைப்பதற்கு முன்.

3. தளக் கம்பி கட்டியதும். கவர் பிளாக் உண்டா, நீட்டங்களில் கம்பி மேலே நிற்கிறதா, முக்காலி இருக்கிறதா, ஆட்கள் நடக்கப் பலகை போட்டிருக்கிறதா?

4. கான்கிரீட் போடும்போது. மூட்டைக்கு எத்தனை வாளித் தண்ணீர்?

5. முட்டு எடுப்பதற்கு முன். கான்கிரீட் போட்ட தேதி என்ன, இன்று என்ன தேதி?

இதற்கெல்லாம் உள்ளூர்ப் பொறியாளர் ஒருவரின் வரைபடமும், அவர் கம்பியை வந்து பார்ப்பதும் அவசியம். அவருக்குத் தரும் கட்டணத்தில் பேரம் பேச வேண்டாம். மேஸ்திரியைத் திருடராகப் பார்க்கவும் வேண்டாம். எங்கள் மேஸ்திரி நல்ல தொழிலாளி. அவர் கேட்ட பதினைந்து நாளை மறுத்தவன் நான். கம்பியை வந்து பாருங்கள் என்று ஒரு பொறியாளரை அனுப்பாதவனும் நான்.

அந்த நீட்டத்தை அவரே மறுபடி கட்டினார். கூலி வேண்டாம் என்றார். அப்பா வற்புறுத்திக் கொடுத்தார். இந்த முறை மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பியைப் பார்த்தார். கிரகப்பிரவேசம் தையில் நடந்தது. நான் போக முடியவில்லை. தொலைபேசியில் மேளச் சத்தம் மட்டும் கேட்டேன். அம்மா அதன்பிறகு பல ஆண்டுகள் தினமும் அந்த நீட்டத்தின் கீழேதான் கோலம் போட்டார். என் மகள் வளர்ந்துவிட்டாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்க்காமல் அவள் உள்ளே நுழைவதில்லை.